இறுக்கிப் பிடி

காதுகள் இரண்டும் முன்னால் குத்திட்டு நிற்கின்றன, எதையோ பார்த்துவிட்டான், என்ன அது, ஒன்றுமில்லை, பால் பாக்கெட் கவர், காற்றில் ரோட்டோரமாக உருண்டு போகிறது, அவ்வளவுதான், நட ராஜா, நட. இவனுக்குக் கரிகாலன் என்று பெயர் வைத்த புண்ணியவான் எங்கள் ரைட்டர்தான். குதிரைப்படைக்கு வருகிற ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு சோழ ராஜா பெயரை ரிஜிஸ்டரில் எழுதிவிட்டுத்தான் அவருக்கு டீ இறங்கும். இந்தச் சோழ ராஜாவுக்குப் பால் கவரைக் கண்டால் பயம், விரித்த குடையைக் கண்டால் பயம், ரோட்டில் புதிதாகப் போட்ட வெள்ளைக் கோட்டைக் கண்டால் பயம், ஒருநாள் தான் போட்ட சாணி விழுந்த சத்தத்துக்கே துள்ளிக் குதித்தான். லாயத்தில் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், இளம்பரிதி விழுகிற வரைக்கும். இப்போது மணி ஐந்து ஐம்பது. கேட்டைத் தாண்டி இருநூறு அடி வந்திருக்கிறோம், உப்பளத் தெரு முழுக்க இன்னும் பாக்கி, அதன் பிறகு பாலம். அக்கரையில்தான் கடற்கரை ரோந்து, பாலம் தாண்டாத குதிரையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்று இன்ஸ்பெக்டர் தணிகைமலை கேட்டார், கேட்டதில் தப்பே இல்லை. வெள்ளிக்கிழமை டெபுடி கமிஷனர் வருகிறார், அந்த டி.சி. முன்னால் இவன் பாலத்தைத் தாண்டிக் காட்ட வேண்டும், இல்லையென்றால் பணிக்கு லாயக்கில்லை என்று எழுதி ஏலம். ஏலத்தில் யார் எடுப்பார்கள் என்று எனக்குத் தெரியும், போன தடவை எங்கள் கிள்ளி என்ற குதிரையை எடுத்ததும் அந்த ஆள்தான், மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடுகிறவன். முன்னால் பேண்டு, பின்னால் சரவெடி, நடுவில் இவன். இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. இன்னும் மூன்று நாள் இருக்கிறது என்றும் சொல்லலாம், மூன்று நாள்தான் இருக்கிறது என்றும் சொல்லலாம்.

பயமாக இருக்கிறதா என்று கிளம்பும்போது என் வீட்டுக்காரர் கேட்டார், எனக்கென்ன பயம் என்று பூட்ஸை இழுத்து மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். இருபத்து நாலு வருஷ சர்வீஸ், அதில் பத்தொன்பது வருஷம் குதிரை முதுகில், ஏட்டு ரோஸ்லின் என்றால் புதிதாக வருகிற பசங்களுக்கெல்லாம் வாத்தியார், குதிரைப் போட்டியில் வாங்கிய இரண்டு மெடல் வீட்டு ஷோகேஸில் தொங்குகிறது. ஆனால் உள்ளங்கை வேர்த்துக் கடிவாள வார் வழுக்குகிறது. பயம்தான். நிஜமான பயம். என் தொடைக்குக் கீழே அவனுடைய விலா ஏறி இறங்குகிறது, வேகமாக ஏறி இறங்குகிறது, அவனும் பயந்திருக்கிறான், இரண்டு பேரில் ஒருத்தராவது தைரியமாக இருந்தால் நன்றாக இருக்கும். இளம்பரிதி தைரியமாகத்தான் இருந்தான். போன மாதம் பதினொன்றாம் தேதி, மைதானத்தில் வழக்கமான சத்தப் பழக்கம், ஒருத்தர் தகரத்தைத் தட்டுவார், ஒருத்தர் கொடியை ஆட்டுவார், குதிரை அதைப் பார்த்துப் பார்த்துச் சத்தத்துக்குப் பழக வேண்டும். தகரம் ஒரு தட்டு, இவன் தலையைத் தூக்கினான், ஓட ஆரம்பித்தான், மேலே இளம்பரிதி, இருபத்தைந்து வயசுப் பையன், சிரித்துக்கொண்டே இருந்தான், வேப்ப மரத்துப் பக்கம் வந்தபோது வேகம் ஒரு நொடி குறைந்தது, ஆமாம் குறைந்தது, நான் பார்த்தேன், ஏன் குறைந்தது, சரி விடு, குறைந்தது, அப்புறம் மறுபடி பிய்த்துக்கொண்டு கேட்டைத் தாண்டி ரோட்டுக்கே போய்விட்டான், தெருமுனையில் திரும்பும்போது தாரில் லாடம் வழுக்கிக் குதிரை பக்கவாட்டில் சாய்ந்தது, இளம்பரிதியின் இடுப்பு அடியில் இருந்தது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்கவில்லை, ரொம்ப தூரம். ஆனால் தூங்கப் போகும்போதெல்லாம் கேட்கிறது. நாங்கள் ஓடிப் போனபோது குதிரை எழுந்து நின்று நடுங்கிக்கொண்டிருந்தது, பையன் எழுந்திருக்கவில்லை. என்னைப் பார்த்து, அக்கா காலை அசைக்க முடியல என்று சாதாரணமாகச் சொன்னான். இருபத்தாறு நாள் ஆகிவிட்டது, இடுப்பில் பிளேட் வைத்திருக்கிறார்கள், ஊரில் அவன் அம்மாதான் எல்லாம் பார்த்துக்கொள்கிறார்.

உப்பளத் தெருவில் யாரோ தண்ணீர் தெளிக்கிறார்கள். தண்ணீர் தெளிக்கிற அம்மா குதிரையைப் பார்த்ததும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார், நல்லவர், நன்றாக இருங்கள், இப்படி நாலு பேர் நின்று கொடுத்தால் போதும். இவன் அந்த ஈரத்தை முகர்ந்து பார்த்து நாசியை விரித்து ஒரு பெருமூச்சு விட்டான், இந்தப் பெருமூச்சு நல்ல அடையாளம், உள்ளே இருந்த ஒரு பங்கு பயம் வெளியே போய்விட்டது என்று அர்த்தம். எனக்கு இவனைப் பிடிக்கும். யாரிடமும் சொன்னதில்லை, போலீஸ்காரி குதிரையைப் பிடிக்கும் என்று சொன்னால் ரைட்டர் கவிதை எழுதச் சொல்வார். இவனைத் தேர்ந்தெடுத்ததே நான்தான். எட்டு மாதம் முன்னால் லாரியோடு ரேஸ் கிளப்புக்குப் போனேன், ஓடி ஓய்ந்த குதிரைகளில் ஒன்றை இலவசமாகத் தருகிறோம் என்றார்கள், ஐந்து குதிரையை வரிசையாக நிறுத்தினார்கள், நாலு குதிரைகள் என்னைப் பார்க்கவே இல்லை, இவன் மட்டும் கழுத்தை நீட்டி என் தொப்பியை முகர்ந்தான். செம்பழுப்பு நிறம், நெற்றியில் கீற்றாக வெள்ளை, அங்கே இவனுக்கு வாயில் நுழையாத ஒரு இங்கிலீஷ் பெயர். அன்றைக்குச் சீக்கிரமே போய்விட்டதால் மைதானத்தில் காலை ஓட்டம் நடப்பதையும் கொஞ்ச நேரம் பார்த்தேன், அதை ஏன் இப்போது நினைக்கிறேன். இவனை நாலு வருஷம் பார்த்துக்கொண்ட பாஷா பாய் லாரி வரைக்கும் கூடவே வந்தார், லுங்கியும் பனியனும், வாய் நிறைய வெற்றிலை, என்னென்னவோ சொல்லிக்கொண்டே வந்தார், கொள்ளு எவ்வளவு, எந்தக் கால் கொஞ்சம் வீக்கம், இப்படி ஏதேதோ. நான் ரசீதில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே தலையாட்டினேன். குதிரை ஏற்றி விடுகிற ஆள் எனக்கு என்ன சொல்லிவிடப் போகிறார் என்ற நினைப்பு, மெடல் வாங்கியவள் இல்லையா. பாய் கடைசியாக இவன் நெற்றியைத் தொட்டு முத்தம் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்.

தெரு முடிந்துவிட்டது. இதோ பாலம். முகத்துவாரம் பாலம் என்று பெயர்தான் பெரிசு, ஒரு பஸ்ஸும் ஒரு லாரியும் எதிரெதிரே வந்தால் இரண்டு டிரைவரும் கண்ணாடியை மடக்க வேண்டும். கைப்பிடிச் சுவர் என் முழங்கால் உயரத்துக்கு வருமா, குதிரை மேல் உட்கார்ந்திருக்கிறவளுக்கு அது சுவரே இல்லை, அந்தப் பக்கம் நேராகத் தண்ணீர், இப்போது கடல் உள்ளே ஏறுகிற நேரம், கறுப்பாகச் சுழித்துக்கொண்டிருக்கிறது. சுவர் நெடுக மீன் பிடிக்கிறவர்கள் வேறு, தூண்டிலைச் சுண்டிச் சுண்டி வீசுகிறார்கள். நான் தூத்துக்குடிக்காரி, தண்ணீர் எனக்குப் பயமில்லை, தண்ணீருக்குள் ஐந்நூறு கிலோ குதிரையோடு விழுவதுதான் பயம். நேற்றும் முந்தாநாளும் இந்த இடம் வரைக்கும் வந்து திரும்பிப் போனோம், முதல் இரும்புப் பட்டையைக் கண்டதும் இவன் நின்றுவிட்டான், பாலத்தின் துண்டுகள் சேருகிற இடத்தில் போட்டிருக்கிற பட்டை, வண்டி ஏறினால் டடக் என்கிறது. இன்றைக்கு நானும் அவசரப்படவில்லை. பார்த்துக்கோ. முகர்ந்துகோ. பட்டை கடிக்காது. குனிந்து முகர்கிறான், ஒரு காலை வைத்தான், எடுத்தான், வைத்தான், நல்ல பையன், என் கை தானாகக் கழுத்தைத் தடவுகிறது, கழுத்து சூடாக இருக்கிறது, மூன்று கால் ஏறிவிட்டது, நாலாவதும் ஏறிவிட்டது. ஏறிவிட்டான். கரிகாலன் பாலத்தின் மேல் நிற்கிறான், ரைட்டர் இங்கே இருந்திருந்தால் கல்வெட்டே வெட்டியிருப்பார்.

டக், டக், டக், டக், லாடம் காங்கிரீட்டில் விழுகிற சத்தம் ரோட்டில் விழுவது மாதிரி இல்லை, கீழே வெறும் காற்று என்று சத்தத்திலேயே தெரிகிறது. முதல் தூண் போய்விட்டது, மொத்தம் ஒன்பது தூண். ரிப்போர்ட்டை நினைக்காதே. அந்த ரிப்போர்ட்டை நான்தான் எழுதினேன், மார்ஜின் போட்டு, குண்டு குண்டான எழுத்தில், குதிரை திடீரென மிரண்டு ஓடியது, சவாரி செய்த காவலர் கட்டுப்படுத்த முயன்றும் இயலவில்லை. இதில் எந்த வார்த்தை பொய், ஒன்றும் பொய்யில்லை. டி.சி. வெள்ளிக்கிழமை கையில் வைத்துக்கொண்டு பார்க்கப் போவதும் இதைத்தான், மிரண்டு ஓடியது என்ற அந்த இரண்டு வார்த்தையை வைத்துத்தான் இவனை எடை போடப் போகிறார்கள். எழுதும்போது இது நினைவில்லையா உனக்கு, இருந்தது, பையனின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு ரிப்போர்ட் உடனே வேண்டும் என்றார்கள், எழுதினேன். நான் கத்தினதை அதில் எழுதவில்லை. எழுதுவதற்கு என்ன இருக்கிறது, எல்லோரும் கத்துவதுதான், எனக்கு என் வாத்தியார் கத்தினார், அவருக்கு அவர் வாத்தியார் கத்தியிருப்பார், குதிரை ஓடினால் தொடையால் கட்டு, வாரை இறுக்கிப் பிடி. இறுக்கிப் பிடி, இறுக்கிப் பிடி என்று மைதானமே கேட்கிற மாதிரிக் கத்தினேன், அவன் வேப்ப மரத்தடியில் இருந்தான், என் குரல் போய்ச் சேர்ந்திருக்கும், ஏனென்றால் அவன் இறுக்கிப் பிடித்தான், முழங்கை பின்னால் போனதைப் பார்த்தேன். அதுவரைக்கும் முழங்கை எங்கே இருந்தது. மூன்றாவது தூண். இடது பக்கம் ஒரு பெரியவர் தூண்டிலை மடியில் வைத்துக்கொண்டு எங்களுக்கு வழி விடுகிறார், தலையில் துண்டு, அந்தத் துண்டைப் பார்த்து இவன் ஒதுங்குகிறான், நடு ரோட்டுக்கு வந்துவிட்டான், பரவாயில்லை, வண்டி ஒன்றும் இல்லை.

வண்டி இருக்கிறது. பின்னால். பார்க்காமலே தெரிகிறது, பாலம் முதலில் காலுக்கடியில் அதிர்ந்தது, அப்புறம்தான் சத்தம், முதல் பட்டையில் டடக், தண்ணீர் லாரி, இந்த நேரத்துக்கு வருவது தண்ணீர் லாரிதான், டேங்க்கில் தண்ணீர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மோதுகிற சத்தம்கூடக் கேட்கிறது. நான்காவது தூணுக்கும் ஐந்தாவது தூணுக்கும் நடுவில் இருக்கிறோம், சரியாக ஆற்றின் நடுவில். ஹாரன். ஹாரன் அடிக்காதே, அடிக்காதேயப்பா, அடித்துவிட்டான். கரிகாலனின் முதுகு எனக்குக் கீழே வளைந்து சின்னதாகிவிட்டது, ஓடப் போகிறான், என் கை வாரை இழுத்துவிட்டது, நான் நினைக்கவே இல்லை, கை தானாக இழுத்தது, தொடை தானாகக் கட்டியது, பத்தொன்பது வருஷத் தொடை. ஓடுகிறான். நடை இல்லை, துள்ளலும் இல்லை, ஓட்டம், கழுத்தை நீட்டி என் கையின் மேல் சாய்ந்துகொண்டு, நான் இழுக்க இழுக்க அவன் அந்த இழுப்பின் மேலேயே சாய்கிறான். இன்னும் இறுக்கினேன். இன்னும் வேகம். ஐந்தாவது தூண் போய்விட்டது, மீன் பிடிக்கிறவர்கள் எழுந்து சுவரோடு ஒட்டிக்கொள்கிறார்கள், ஒரு வாளி கவிழ்ந்தது, பட்டையில் லாடம் ஒரு தடவை வழுக்கிச் சுவர் பக்கம் சாய்ந்தான், தண்ணீர் தெரிந்தது, அவ்வளவு கிட்டத்தில் கறுப்பாகத் தெரிந்தது, மாதாவே, இடுப்பில் பிளேட் வைக்கக்கூட நான் மிஞ்ச மாட்டேன். இறுக்கிப் பிடி, இறுக்கிப் பிடி ரோஸ்லின், என் குரல்தான், மைதானத்தில் கத்திய அதே குரல், அதற்கு நடுவில் சம்பந்தமே இல்லாமல் பாஷா பாய், வெற்றிலை வாயோடு லாரிப் படியில் ஒரு கையை வைத்துக்கொண்டு, "வாயை இறுக்கினா ஓடுவான்மா. கையை விட்டா நிப்பான். குட்டியிலேர்ந்து அப்படித்தான் பழக்கி வெச்சிருக்கு." சொன்னார். சொல்லியிருக்கிறார். நான் ரசீதில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே கேட்டிருக்கிறேன். அன்றைக்குக் காலையில் மைதானத்தில் மூன்று குதிரைகள் பறந்து வந்ததே, மேலே இருந்த பசங்கள் வாரை முறுக்கிப் பிடித்துக் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள், கம்பத்தைத் தாண்டியதும் அங்கவடியில் காலை ஊன்றி எழுந்து நின்று கையைத் தளர்த்தினார்கள், குதிரைகள் தானாகவே தணிந்து நடைக்கு வந்தன, என்ன ஸ்டைல் பார் என்று நினைத்துக்கொண்டேன். கையை விடு. முடியவில்லை. விரல் விரிய மாட்டேன் என்கிறது, ஓடுகிற குதிரையில், பாலத்தின் மேல், பின்னால் லாரி, பிடித்துக்கொண்டிருக்கிற ஒரே ஒரு வாரையும் விட்டுவிடு என்றால் எந்தக் கை விடும். ஆறாவது தூண். விடு. இதைவிட மோசமாக என்ன ஆகிவிடும், ஆகும், விடு. அங்கவடியில் காலை ஊன்றினேன், எழுந்து நின்றேன், தொடையை எடுத்தேன், கையை அவன் கழுத்தின் மேல் வைத்து விரலைத் திறந்தேன்.

அவன் காது ஒன்று பின்னால் திரும்பியது. என்னைக் கேட்டது அது, நிஜமாகவா என்று கேட்டது. நான் அப்படியே நின்றுகொண்டிருந்தேன். இரண்டு தாவல், மூன்றாவது தாவல் சின்னது, அப்புறம் துள்ளல், அப்புறம் நடை, ஏழாவது தூணில் நின்றுவிட்டான். நின்றுவிட்டான். விலா இரண்டும் அடித்துக்கொள்கின்றன, நாசிக்குள் சிவப்பு தெரிகிறது, உடம்பு முழுக்க நடுக்கம், ஆனால் நாலு காலும் காங்கிரீட்டில் ஊன்றியிருக்கின்றன. லாரி எங்களை ஒட்டி மெதுவாக நகர்ந்து போனது, டிரைவர் தலையை நீட்டி என்னம்மா விழுந்து கிழுந்து வைக்கப் போறே என்றார், டேங்க் தண்ணீர் இவன் தலைக்குப் பக்கத்திலேயே மோதிக்கொண்டு போனது, வால் பக்கத்தில் கட்டியிருந்த தார்ப்பாய் படபடத்தது, இவன் அதைப் பார்த்தான், பயந்தான், நன்றாகத் தெரிந்தது பயந்தான் என்று. ஓடவில்லை. பயப்படுவது வேறு, ஓடுவது வேறு. பயம் இவனுடையது, ஓட்டம் நாங்கள் சொன்னது.

மிச்சம் இரண்டு தூணையும் நடந்தே கடந்தோம், வார் தொய்ந்து தொங்கியது, அவன் கழுத்தைத் தாழ்த்திக்கொண்டான், என் மனசு மட்டும் ஒரு இடத்தில் நிற்காமல் எட்டு மாதத்தையும் புரட்டிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு தடவை பயந்தபோதும் யாராவது இறுக்கினோம், இறுக்கினால் ஓடு என்று அவனுக்கு நாலு வருஷம் சொல்லிக்கொடுத்திருந்தார்கள், ஓடினான், ஓடினதற்குச் சவுக்கால் அடி வாங்கினான், அடுத்த தடவை பயம் இன்னும் சீக்கிரம் வந்தது. சொன்ன பேச்சைக் கேட்டதற்கு அடி வாங்குகிற குதிரைக்கு எதைப் பார்த்தாலும் பயமாகத்தானே இருக்கும், பால் கவர் என்ன செய்யும் பாவம். அடக்க முடியாத குதிரை என்று எழுதினோம், ஆறு பேர் ஏறிப் பார்த்து ஆறு பேரும் அதையேதான் சொன்னோம், ஆறு பேருக்கும் சொல்லிக்கொடுத்தது நான். இப்போது எனக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும். இவன் பாலம் தாண்டிவிட்டான், வெள்ளிக்கிழமையும் கையை விட்டுவிட்டுத் தாண்டிக் காட்டிவிடலாம், டி.சி. கை தட்டுவார், பழைய ரிப்போர்ட் ஃபைலிலேயே கிடக்கும், யாருக்கும் ஒன்றும் தெரிய வேண்டியதில்லை. ஆனால் மிரண்டு ஓடி ஒரு ஆளின் இடுப்பை உடைத்தது என்று ஃபைலில் இருக்கிற குதிரையை ஒரு தடவை பாலம் தாண்டினதற்காக வைத்துக்கொள்வார்களா, அடுத்த ஏட்டு வந்து இறுக்கிப் பிடித்தால் என்ன ஆகும், ஏன் மிரண்டது என்று எழுதினால்தான் இவன் பிழைப்பான். ஏன் என்று எழுதினால் யார் கத்தினது என்றும் எழுத வேண்டும். எனக்கு வருகிற ஜூனில் இருபத்தைந்து வருஷம் முடிகிறது, ஸ்பெஷல் எஸ்.ஐ. ஆவேன், தோளில் ஸ்டார். மெமோ ஒன்று கிடந்தால் ஸ்டார் வராது. ஸ்டாரை இவ்வளவு ஆசைப்பட்டேன் என்று இந்த நிமிஷம் வரைக்கும் எனக்கே தெரியாது. வேப்ப மரம் மறுபடி வந்து நிற்கிறது. அங்கே ஏன் வேகம் குறைந்தது. அதற்கு முன்னால் அவன் முழங்கை எங்கே இருந்தது.

பாலம் முடிகிற இடத்தில் ஐஸ் கம்பெனிச் சுவர் நிழலில் இறங்கிச் சேணப் பட்டையைக் கொஞ்சம் தளர்த்தினேன். கரிகாலன் சுவரோரப் புல்லை இழுத்துத் தின்ன ஆரம்பித்துவிட்டான். ஆறு இருபது. இளம்பரிதிக்குப் போன் போட்டேன், படுத்தே கிடக்கிறவனுக்குத் தூக்கம் எங்கே, இரண்டாவது மணியிலேயே எடுத்தான். என்னக்கா காலங்காத்தால என்றான், குரலில் எப்போதும் போலச் சிரிப்பு. பாலம் தாண்டினதைச் சொன்னேன், அடங்கொய்யால என்று சந்தோஷப்பட்டான், எப்படி என்று கேட்டான். லாரி வந்தது, இறுக்கினது, ஓடினது, கையை விட்டது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். சொல்லச் சொல்ல அந்தப் பக்கம் சிரிப்பு நின்றுபோனது.

"அன்னைக்கு வேப்ப மரத்துக்கிட்ட வர்றப்போ நீ கைய விட்டியா?"

அவன் வீட்டு ஃபேன் சத்தத்துக்கு நடுவில் போனை இன்னொரு காதுக்கு மாற்றுவது கேட்டது.

"வுட்டேங்க்கா. ரெண்டு நாள் முன்னாடியே சும்மா ஒரு தபா வுட்டுப் பாத்தேன், நின்னுச்சு. அதான் அன்னைக்கும் வுட்டேன். நிக்கத்தான் வந்துச்சு. அப்போதான் நீங்க கத்துனீங்க."

"ஏம்ல இத எங்கிட்ட சொல்லல?"

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு புடிச்சேன்க்கா. அப்புறம் ஆஸ்பத்திரிக்கு நீங்களே ரிப்போர்ட்ட எழுதி எடுத்தாந்தீங்க, கையெழுத்துப் போடுன்னீங்க. நான் இன்னாக்கா சொல்றது."

ஆமாம், எடுத்துக்கொண்டு போனேன். ஆப்பிளும் ரிப்போர்ட்டும். ஊசி ஏறுகிற கையை அசைக்கக் கூடாது என்று நர்ஸ் சொன்னதால் இடது கையால் போட்டான், பேடை நான்தான் பிடித்துக்கொண்டேன், கோணல் மாணலாக இருந்தது, பரவாயில்லைடா இது போதும் என்றேன். அழுகை வந்தது, வந்த அழுகையை அடக்கவும் தோன்றவில்லை, ஐஸ் வண்டிக்காரர்கள் இரண்டு பேர் யூனிஃபார்மில் அழுகிற பொம்பளையைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். தப்பு பண்ணிட்டேன் என்று அவனிடம் சொன்னேன். இந்த வார்த்தையை என்னிடம் படித்த ஒருத்தரிடமும் இதுவரைக்கும் நான் சொன்னதில்லை. அவன் பதறிப்போனான், அழாதீங்கக்கா என்றான், இடுப்பு இப்போது தேவலை, வாக்கர் பிடித்து நாலு அடி வைக்கிறேன் என்றான், இதையெல்லாம் போய் யாரிடமும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம், ஜூனில் ஸ்டார் வருகிற நேரம், மேலே இருக்கிறவர்கள் இதையே பிடித்துக்கொள்வார்கள், என்னதான் இருந்தாலும் அது குதிரைதானே என்றான். குதிரை புல்லைத் தின்றுகொண்டே வந்து என் பூட்ஸ் பக்கத்தில் மூச்சு விட்டது. நான் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"இப்போ சொன்னேல்லா, மரத்துக்கிட்ட கைய விட்டேன், நிக்க வந்துச்சு, அப்போ அக்கா கத்துனாங்கன்னு. அத அப்படியே ஒரு தாள்ல எழுதி எனக்கு அனுப்பு. வெள்ளிக்கிழமைக்கு முந்தி வேணும்."

"உங்க பேரு வருமேக்கா."

"வரட்டும்."

அவன் போனை வைக்கவில்லை. வைக்காமலே, "அம்மா, ஒரு பேப்பரும் பேனாவும் எட்தா" என்று உள்ளே பார்த்துக் கூப்பிடுவது கேட்டது.